நெற்றியோர முடி பின்வாங்குகிறது, புருவமும் குறைகிறது: காரணம் என்ன?

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளாக முன்நெற்றி முடி சீராகப் பின்வாங்கி, நெற்றி அகன்றுகொண்டே போகிறது. முடி போன இடம் வழவழப்பாக இருக்கிறது. அவ்வப்போது அரிப்பும் உண்டு. புருவமும் மெலிந்துவிட்டது. பரிசோதித்த மருத்துவர், இது தழும்பை உண்டாக்கும் முடி உதிர்வு என்றார். இளவயதிலிருந்தே முடியை இறுக்கிக் கட்டும் பழக்கம் எனக்கு உண்டு. அதுதான் காரணமா? முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பதில்: தழும்பு என்றதும் காயம் ஆறிய வடுவைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே சொல்லப்படும் தழும்பு தோலுக்குள் இருப்பது. மயிர்க்காலின் மேற்பகுதியில், எண்ணெய்ச் சுரப்பி திறக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முடியை மீண்டும் மீண்டும் முளைக்கவைக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அழற்சி அந்தச் செல்களை அழித்துவிட்டால், மயிர்க்கால் இருந்த இடத்தை நார்த்திசு நிரப்பிவிடுகிறது. தோலின் மேல் தெரியும் சிறு துளையும் மறைந்துவிடுகிறது. சாதாரண முடி உதிர்வில் மயிர்க்கால் சுருங்கலாம், ஓய்வெடுக்கலாம். ஆனால் அது அங்கேயே இருக்கும். நீங்கள் குறிப்பிடும் வழவழப்பு, துளைகள் மறைந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும்.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை முதலில் ஈர்த்தது புருவம்தான். மாதவிடாய் நின்ற பெண் ஒருவருக்கு நெற்றியோர முடி பட்டையாகப் பின்வாங்கி, கூடவே புருவமும் குறைந்தால், ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா என்ற நோயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 1994-இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட் இதை முதன்முதலில் விவரித்தார். அழற்சியால் மயிர்க்கால்களை அழிக்கும் லைக்கன் பிளேனோபைலாரிஸ் என்னும் நோயின் ஒரு வகையாக இது கருதப்படுகிறது. சிலருக்கு நெற்றி அகல்வதற்கு முன்பே புருவம் உதிரத் தொடங்கிவிடும். கண்ணாடி முன் நின்று பாருங்கள்: பழைய முடியோரம் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு நீண்ட முடிகள் மட்டும் தனித்து நிற்கின்றனவா? இப்போதைய ஓரத்தில், முடி வெளிவரும் இடத்தைச் சுற்றிச் சிவப்போ மெல்லிய செதிலோ தெரிகிறதா? காதுகளின் முன்புறமும் முடி குறைந்துள்ளதா? இவை இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இந்நோயில் நிணநீர்ச் செல்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் சொந்த மயிர்க்கால்களையே தாக்குகின்றன. அவற்றைத் தூண்டிவிடுவது எது என்பது இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. பரம்பரைக் கூறு உண்டு. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வருவதால் ஹார்மோன் மாற்றத்துக்கும் பங்கிருக்கலாம். ஆனால் இளம் பெண்களுக்கும், குறைந்த அளவில் ஆண்களுக்கும் இது வருகிறது. சன்ஸ்க்ரீன்தான் காரணம் என்று சிலர் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டியிருந்தாலும், காரணம் அதுவே என்பது நிரூபிக்கப்படவில்லை.

இறுக்கிக் கட்டும் பழக்கத்தை நீங்கள் சந்தேகிப்பதும் நியாயமே. ஆண்டுக்கணக்கில் இழுபடும் மயிர்க்கால்களும் இறுதியில் தழும்பாகிவிடும். ஆனால் அந்த வகை உதிர்வில், முடி போன பட்டைக்கு முன்னால், கட்டுக்குள் சிக்காத குட்டையான மெல்லிய முடிகள் ஒரு விளிம்பாக எஞ்சியிருப்பது வழக்கம். புருவத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. ஆகவே காரணம் எதுவானாலும், இன்றிலிருந்து முடியைத் தளர்த்தியே கட்டுங்கள்.

மற்றக் காரணங்களில் முக்கியமானது, உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் டிஸ்காய்டு லூபஸ் என்ற நோய். அதில் தோலின் நிறம் மாறி, செதிலும் துளையடைப்பும் கொண்ட திட்டுகள் தோன்றும். காது மடலின் குழிவிலும் அவற்றைக் காணலாம். சீழ்க்கொப்புளங்கள் இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். புழுவெட்டும் நெற்றியோரத்தைப் பாதிக்கலாம், ஆனால் அது தழும்பை உண்டாக்காது.

தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தாலே பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும். ஐயம் இருந்தால், சுமார் 4 மி.மீ. அளவில் தோலெடுத்துப் பயாப்சி செய்வார்கள். முழு வழுக்கையான இடத்தைத்தான் நோயாளிகள் தொட்டுக் காட்டுவார்கள். அங்கே பழைய தழும்பைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. சிவப்பும் செதிலும் தெரியும் முடியோரத்திலிருந்து எடுத்தால்தான் நோய் பிடிபடும்.

தழும்பான இடத்தில் முடி திரும்பாது என்பதை மறைக்க விரும்பவில்லை. மீதமுள்ள முடியைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம். ஸ்டீராய்டு பூச்சு அல்லது ஊசி, டாக்சிசைக்ளின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு ஆகியவற்றில் பொருத்தமானதை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவர்கள் கண் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கடைசி இரண்டு மருந்துகளைக் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் தாமாக எடுக்கவே கூடாது.

முடி மாற்று சிகிச்சைக்கு இப்போது அவசரப்படாதீர்கள். அழற்சி தணியாத தோலில் நட்ட முடியையும் இந்நோய் அழித்துவிடும். நோய் அடங்கி ஓரிரு ஆண்டுகள் கழிந்த பிறகு நட்டாலும், சில ஆண்டுகளில் அவை உதிர்ந்துவிடக்கூடும். அதற்கு முன் நோய் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை அறிய வேண்டும். புருவங்களின் நடுவிலிருந்து முடியோரம் வரையுள்ள தூரத்தை நாடாவால் அளந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அந்தக் குறிப்புடன், நெற்றி நன்கு தெரியும் பழைய புகைப்படம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.