அப்பாவின் பாலிசியை விட்டுவிடலாமா? (தக்கலை நண்பருக்கு)

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய், அவருடைய தனியார் மருத்துவக் காப்பீட்டு பாலிசியின் பிரீமியம் ஏறிவிட்டது, முதலமைச்சர் காப்பீடு மட்டும் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு பாலிசியை விடாதீர்கள்.

முதலமைச்சர் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தகுதி இருந்தால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பிரீமியம் கிடையாது, ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரை உங்கள் செலவு. நெஞ்சுவலி என்றாலே நம் மாவட்டத்தில் பலர் திருவனந்தபுரத்துக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். நீங்கள் போகக்கூடிய அங்குள்ள மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

பாலிசியில் பிரீமியத்தைவிட கோ-பே (பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) விவரத்தைப் பாருங்கள். 20 சதவீதம் என்றால் 2 லட்ச ரூபாய் பில்லில் 40,000 உங்கள் தலையில். அறை வாடகை வரம்பு அதைவிடப் பொல்லாதது. 3,000 ரூபாய் வரம்புள்ளவர் 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணத்தையும் பாதியாக வெட்டிவிடுவார்கள்.

தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை; புதுப்பிப்பு நோட்டீசில் சரிபாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம், சர்க்கரை நோய்க்கான காத்திருப்புக் காலத்தில் (அதுவரை அந்த நோய்க்கு பணம் கிடைக்காது) இதுவரை கழிந்தது புது நிறுவனத்திலும் கணக்கில் சேரும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.