மூன்றாம் மாடியும் 26 கிலோ சிப்பமும்

கேள்வி: மே மாதம், மதியம் ஒரு மணி. 26 கிலோ அரிசிச் சிப்பமும் இரண்டு பை மளிகையும் ஆப்பில் ஆர்டர் செய்திருந்தேன். கொண்டுவந்த பையன், "லிஃப்ட் இல்லை, மூன்று மாடி ஏற முடியாது" என்று கீழேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டு வாசலில் தருகிறோம் என்று சொல்லித்தானே கட்டணம் வாங்குகிறார்கள்? ஒரு ஸ்டார் போட்டுப் புகாரும் கொடுத்திருக்கிறேன். இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையவில்லை என்று சொன்னால் தப்பா?
(வாசகர், கே.கே. நகர், சென்னை)

பதில்: தப்புதான். முதலில் அந்தப் புகாரைத் திரும்பப் பெறுங்கள்.

காசு கொடுத்த பொருள் வாசலுக்கு வர வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வாசலில் தருகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தது நிறுவனம். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேட்காமல் ஆர்டரை எடுத்ததும் நிறுவனம்தான். மதியம் ஒரு மணியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். எடையையும் நேரத்தையும் முடிவு செய்ததில் எந்தப் பங்கும் இல்லாத ஒரே ஆள், அதைத் தூக்கவேண்டிய அந்த இளைஞர். ஒரு ஸ்டார் அவருக்குப் போயிருக்கிறது.

உடம்பு வளையவில்லை என்கிறீர்கள். அந்த ஒரு மணி வெயிலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். தசை செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாகிறது. மீதி முழுவதும் சூடாகிறது. பாரத்தோடு படி ஏறுவது உடம்பைச் சட்டென்று சூடாக்கும் வேலைகளில் ஒன்று. அந்தச் சூட்டை வெளியேற்ற நம் உடம்புக்கு இருக்கும் முக்கியமான வழி வியர்வை, அதுவும் அது காய்ந்தால்தான். சென்னையில்தான் அது காயாதே! மேற்குக் காற்று ஓங்கி வீசும் நாட்களில் கடற்காற்று ஊருக்குள் வரவே பிற்பகலாகிவிடும். அதுவரை வெயில் ஏறிக்கொண்டே போகும். காற்று வந்த பிறகு வெப்பம் சற்று இறங்கினாலும் புழுக்கம் கூடிவிடும். இதோடு தலையில் ஹெல்மெட், முதுகில் அப்பிக்கொண்டிருக்கும் பெரிய பை. வியர்வை காய வேண்டிய முதுகையே அந்தப் பை மூடிவிடுகிறது.

நுங்கம்பாக்கத்தில் 40 டிகிரி என்று செய்தியில் சொல்கிறார்களே, அது நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் எடுக்கும் அளவு. 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரியும் அப்படி எடுத்ததுதான். தார் ரோட்டில், சிக்னலில் நிற்பவர் உடம்பில் ஏறும் சூடு இன்னும் அதிகம். வெப்ப வாதம் வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் கடுமையாக உழைக்கும், நோய் நொடி இல்லாத இளைஞர்களையும் அது சாய்த்துவிடும். உங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு அன்றைக்கு அது எத்தனையாவது மாடிப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? முடியாது என்று அவர் சொன்னதைச் சோம்பல் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அந்த 26 கிலோவுக்கு ஒரு கதை உண்டு. 2022 ஜூலையில், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்தது. உடனே பல ஆலைகள் சிப்பத்தை 26 கிலோவாக்கிவிட்டன. வரி மிச்சமானது. அந்த ஒரு கிலோ ஏறியது சுமப்பவர் தோளில். அதற்காக அவருக்கு யாரும் கூலி கூட்டித் தரவில்லை.

பழைய சுமை வேலையில் இந்த விஷயம் ஒழுங்காக இருந்தது. கொத்தவால்சாவடியானாலும் கோயம்பேடானாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று பேசித்தான் தூக்குவார்கள். வீடு மாற்றும்போது நாமும் மாடிக்கு இவ்வளவு என்று தனியாகத்தானே கொடுக்கிறோம்? ஆப் வந்தபோது எடையும் மாடியும் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டன. ஆர்டருக்கும் தூரத்துக்கும் காசு, அவ்வளவுதான். இன்னும் கொடுமை, லிஃப்ட் இருக்கும் சில அடுக்ககங்களில் டெலிவரிக்கு வருபவர்கள் அதில் ஏறக்கூடாது என்று எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். அதை ஒட்டியவர்கள் இன்றே கிழித்துப் போட வேண்டும்.

அரசையும் விட்டுவிட முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. 2025இல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்கென்று மாநகராட்சி ஏ.சி. ஓய்வறை திறந்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் ஆள் செத்த பிறகு வரும் பணத்தைவிட மதிய வேலையை நிறுத்துவது முக்கியம். கோடையில் பகல் 12 முதல் 3 வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத்தில் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. அது நமக்கும் வேண்டும், அதில் டெலிவரி வேலையும் சேர வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அரிசி அவசரப் பொருள் அல்ல, மாலை ஆறு மணிக்கு மேல் ஆர்டர் செய்யுங்கள். சிப்பத்துக்குப் பதில் ஐந்து கிலோ, பத்து கிலோ பைகளாக வாங்குங்கள். உடம்புக்கு முடியுமென்றால் கீழே இறங்கிப் போய் ஆளுக்கு ஒரு பையாக ஏற்றுங்கள். முடியாதென்றால் மாடிக்கூலியை முதலிலேயே பேசிக் கையில் கொடுங்கள். வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், உப்புப் போட்ட மோர் இருந்தால் இன்னும் நல்லது. அவர் தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், புகார் கொடுத்த அதே நிறுவனத்துக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். ஒரு நடைக்கு எத்தனை கிலோ வரை ஏற்றி அனுப்புகிறீர்கள், லிஃப்ட் இல்லாத மாடிக்குத் தனிக்கட்டணம் வைத்து அதை முழுதாகத் தூக்குபவருக்கே தருவீர்களா என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.