வாசல் கேமராவும் எதிர்வீட்டு வாசலும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் குறுகிய சந்து ஒன்றில், பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். வாசலில் நிறுத்தும் ஸ்கூட்டியில் பெட்ரோல் திருடு போவதால் வைஃபை கேமரா வாங்கினோம். கூடத்தில் வைத்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்த கேமரா, வாசலுக்கு மேலே மாட்டியதும் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. இரவில் படம் வெள்ளையாகப் பூத்துப்போகிறது. எதிர்வீட்டு அக்காவோ தங்கள் வாசல் தெரிகிறதென்று வருத்தப்படுகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: எதிர்வீட்டு அக்காவின் வருத்தத்தை முதலில் தீர்த்துவிடுங்கள், அது நியாயமானது. கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து, உங்கள் வாசற்படியும் வண்டியும் மட்டும் தெரியும்படி வையுங்கள். அப்படியும் அவர் வீட்டுக் கதவு படத்தில் விழுந்தால், பல செயலிகளில் உள்ள ‘பிரைவசி மாஸ்க்’ வசதியால் அந்தப் பகுதியை மறைத்து, ஒலிப்பதிவையும் நிறுத்திவிட்டு, உங்கள் கைபேசியில் தெரியும் படத்தை அவரிடமே காட்டிவிடுங்கள்.

இணைப்பு அறுந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா அல்ல, சுவர்தான். பழைய வீடுகளின் தடித்த செங்கற்சுவரும் வாசலின் இரும்புக் கதவும் அலையின் வலுவைக் குறைத்துவிடுகின்றன; ரௌட்டர் உள்ளறையில் பீரோவின் மேல் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே இயங்குபவை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால், வீடுகள் நெருங்கிய சந்தில் எல்லா வீட்டு ரௌட்டர்களும் அவற்றிலேயே நெரிசலாக இயங்குகின்றன. ஆகவே ரௌட்டரை வாசலை ஒட்டிய அறைக்கு மாற்றி, உயரமாகவும் இரும்புப் பொருள்களை விட்டு விலக்கியும் வைத்து, இந்த மூன்றில் நெரிசல் குறைந்த சேனலைத் தேர்ந்தெடுங்கள். கேமராவை இடம் மாற்றுவதாக இருந்தால் சுவரில் புதிதாகத் துளை போடும் முன், அது 5 வோல்ட் யுஎஸ்பி கேமராவாக இருந்தால் பவர் பேங்கில் செருகி, மாட்டப்போகும் இடத்தில் பிடித்துக்கொண்டு, வாசற்கதவைச் சாத்திவிட்டு, அக்கம்பக்கத்தில் எல்லோரும் இணையம் பார்க்கும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு நேரலையைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பகலில் கதவைத் திறந்துவைத்துச் செய்யும் சோதனை ஏமாற்றிவிடும்.

படம் வெளுப்பதற்குக் கேமராவின் அகச்சிவப்பு ஒளி அருகிலுள்ள சுவரிலோ சன்ஷேடின் அடிப்பக்கத்திலோ பட்டுத் திரும்புவதே காரணமாக இருக்கும். கேமராவைச் சன்ஷேடின் விளிம்புக்குச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். லென்ஸின் முன் சிலந்திவலை இருந்தால் துடைத்துவிடுங்கள். வாசலில் சிறிய எல்இடி விளக்கு ஒன்றை இரவு முழுவதும் எரியவிட்டு அகச்சிவப்பு ஒளியை அணைத்துவிட்டால், முகமும் வண்டியின் நிறமும் கூடத் தெளிவாகப் பதியும்.

கடற்காற்று வீசும் பகுதி என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டியில் ‘ஐபி66’ என்று போட்டிருப்பது தூசிக்கும் நீருக்குமான உறுதி மட்டுமே. உப்புக்காற்றுக்கு அது பொருந்தாது. துருப்பிடிக்காத எஃகு திருகுகளைப் பயன்படுத்தி, அடாப்டரை வீட்டுக்குள் வைத்து, வயரைச் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கித் தொய்வாக வளைத்துவிடுங்கள். அப்போது ஐப்பசி மழைநீர் வயர் வழியாக உள்ளே இறங்காமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியுள்ளது என்றாலும், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை எந்தச் சோதனையும் காப்பாற்றாது.

கேள்வி: மின்தடையின்போதும் பதிவாக வேண்டும். பேட்டரி கேமரா வாங்கலாமா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: தெருவைப் பார்த்த வாசலுக்கு வேண்டாம். பேட்டரி கேமரா உறங்கிக்கொண்டிருந்து, அசைவு கண்டால் மட்டுமே விழித்துப் பதிவு செய்யும். ஆள் நடமாட்டம் ஓயாத தெருவில் ஓயாமல் விழித்துச் சீக்கிரமே தீர்ந்துவிடும். மின்சாரத்தில் இயங்கும் கேமராவையே வாங்கி, அதற்கும் ரௌட்டருக்கும் ஏற்ற வோல்ட் தரும் சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் மெமரி கார்டு இருந்தால், இணையம் இல்லாத நேரத்திலும் பதிவு தொடரும். இடைவிடாத பதிவுக்கென்றே விற்கப்படும் ‘ஹை எண்டூரன்ஸ்’ கார்டாகப் பார்த்து வாங்குங்கள். கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மீதே புதியது பதியும் என்பதால், ஏதேனும் நடந்துவிட்டால் அன்றைக்கே அந்தக் காட்சியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.