தலையாட்டுகிறாள், செய்யும்போது தப்பாகிவிடுகிறது

கேள்வி: என் தங்கைக்கு லேசான அறிவுசார் குறைபாடு. அவள் கணவர் கொத்தனார் வேலைக்குப் போகிறார். ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. எதைச் சொன்னாலும் 'சரிக்கா' என்று தலையாட்டுவாள், செய்யும்போது தப்பாகிவிடும். போன வாரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டரில் கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்துவிட்டாள். 'பிள்ளையை எங்களிடம் கொடுத்துவிடு' என்கிறார்கள் மாமியார் வீட்டில். என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பாக்கெட். பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. படித்தவர்களே குழம்புகிற இடம் இது. கெட்டியாகக் கரைத்தால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். அதனால் வீட்டில் பெரிய பாக்கெட் மட்டும் இருக்கட்டும். ஒரு லிட்டர் காலி பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்தே வையுங்கள்: ஒரு பாக்கெட், ஒரு பாட்டில். கரைத்ததில் மிச்சம் இருந்தால் மறுநாள் கொட்டிவிட வேண்டும்.

'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் வரும். திட்டு வாங்காமல் தப்பிக்கச் சின்ன வயதிலேயே பழகிய பதில் அது. 'செஞ்சு காட்டு' என்று கேளுங்கள். 'கொஞ்சம்', 'அப்பப்போ' என்பதெல்லாம் அவருக்கு உதவாது. கூழ் எவ்வளவு கெட்டி? ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், அதைக் காட்டுங்கள். தாய்ப்பாலோடு மூன்று வேளை ஊட்ட, செல்போனில் மூன்று அலாரம். காய்ச்சல் மருந்துக்கு, டாக்டர் சொன்ன அளவில் சிரிஞ்சில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. குழந்தையின் எடை கூடினால் அளவும் மாறும். டாக்டரைக் கேட்டுப் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட மறக்காதீர்கள்.

ஒரு சமயத்தில் ஒரு வேலைதான். முதலில் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், பிறகு சேர்ந்து செய்யுங்கள், அப்புறம் நீங்கள் பக்கத்தில் நிற்க அவரே செய்யட்டும். அவர் வீட்டிலேயே, அவர் பாத்திரத்திலேயே. உங்கள் வீட்டில் பழகியது அங்கே போனதும் கைநழுவிப் போகலாம். மாமியார் ஒரு விதமாக, நீங்கள் ஒரு விதமாகச் சொன்னால் எதுவும் மனதில் தங்காது. சொல்லித்தருவது ஒருவராக இருக்கட்டும். கணவரும் அதையே கற்றுக்கொள்ளட்டும்.

கண் குழி விழுவது, பால் குடிக்காமல் துவள்வது, மலத்தில் ரத்தம், வலிப்பு: இந்த நான்கையும் படமாக வரைந்து, கீழே 108 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

குறைபாட்டைக் காரணம் காட்டிப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு. பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தியா 2007-லேயே இதை ஏற்றுக்கொண்டது. மாமியார் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே, தங்கை சமைக்கும் ஒரு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் நிலைமையைச் சொல்லி, ஒன்பதாம் மாதத் தடுப்பூசி நாளைத் தங்கை வீட்டுக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.