யாரும் பார்க்கவில்லை என்பவருக்கு

கேள்வி: பெண்கள் கால்பந்துக்கு ஏற்கெனவே ஒரு உலகக் கோப்பை இருக்கிறது. அப்புறம் யாருமே பார்க்காத ஃபுட்சால் என்ற சின்ன உள்ளரங்கக் கால்பந்து ஆட்டத்துக்கும், 2025-இல் திடீரென்று பெண்களுக்காக ஒரு உலகக் கோப்பையை ஆரம்பித்தது எதற்கு? சமத்துவம் என்று கணக்குக் காட்டவா?

பதில்: திடீரென்றா? ஆண்களுக்கான ஃபுட்சால் உலகக் கோப்பையை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 1989-இல் நெதர்லாந்தில் ஆரம்பித்தது. பெண்களுக்கு ஆரம்பித்தது 2025 நவம்பரில், பிலிப்பைன்ஸில். நடுவில் 36 வருடம் ஓடிவிட்டது. 1989-இல் பிறந்த ஒரு பெண் இந்த ஆட்டத்தைக் கற்று, நாட்டுக்கு ஆடி, முட்டி தேய்ந்து ஓய்வும் பெற்றிருப்பார். இதைப் போய்த் திடீர் என்றால் ஆமைக்கே கோபம் வரும்.

சரி, யாரும் பார்க்காத ஆட்டம் என்கிறீர்கள். காட்டாததை எப்படி ஐயா பார்ப்பது? ஃபிஃபா கண்டுகொள்ளவில்லை என்பதற்காக ஆடுகிறவர்கள் ஒன்றும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 2010-இல் ஸ்பெயினில் தொடங்கி பிரேசில், போர்ச்சுகல், மறுபடி ஸ்பெயின், கோஸ்டா ரிக்கா, கடைசியாக 2015-இல் குவாட்டமாலா என்று வருடம் தவறாமல் ஆறு முறை பெண்கள் தேசிய அணிகளுக்கான உலகப் போட்டி நடந்தது. ஃபிஃபாவின் கோப்பை கிடையாது, முத்திரை கிடையாது. ஆறையும் ஜெயித்தது பிரேசில். அந்த அணியின் அமாந்தின்யா 2014 முதல் தொடர்ந்து எட்டு வருடம் உலகின் சிறந்த வீராங்கனை என்று ஃபுட்சால்பிளானட் இணையதளத்தின் விருது வாங்கினார், அந்த எட்டு வருடமும் அவர் ஆடுவதற்கு ஒரு ஃபிஃபா உலகக் கோப்பை இல்லை. ஆண்கள் ஆட்டத்தில் இப்படி ஒருவர் இருந்து, அவருக்கு உலகக் கோப்பையே இல்லை என்றால் சும்மா விட்டிருப்பார்களா?

பிரேசில் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளை அவர்கள் ஆடக்கூடாது என்று 1941-இல் அங்கே ஆணை போட்டார்கள். எதெல்லாம் ஒவ்வாது என்று 1965-இல் ராணுவ ஆட்சிக் காலத்து விளையாட்டு கவுன்சில் பட்டியலே போட்டது, அதில் கால்பந்தோடு நிற்காமல் உள்ளரங்கக் கால்பந்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். யாரும் ஆடாத ஆட்டத்தை மெனக்கெட்டுத் தடை செய்வார்களா என்ன! 1979 வரை இந்தத் தடை இருந்தது. அந்த நாட்டுப் பெண்கள்தான் 2025 டிசம்பர் 7 அன்று இறுதி ஆட்டத்தில் போர்ச்சுகலை 3-0 என்று வீழ்த்தி ஃபிஃபாவின் முதல் கோப்பையைத் தூக்கினார்கள்.

ஆசியாவிலும் கதை உண்டு. 2015-இல் மலேசியாவில் ஆசியப் போட்டி. ஈரான் அணியின் நிலூஃபர் அர்தலானால் போக முடியவில்லை, ஏனென்றால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கணவர் சம்மதிக்கவில்லை, அந்த நாட்டுச் சட்டப்படி மணமான பெண்ணுக்கு அந்தச் சம்மதம் வேண்டும். அவர் இல்லாமலே ஈரான் கோப்பையை வென்றது. அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, வெளிப்படையாகப் பேசினார், உலகமே பேசியது. சில மாதம் கழித்து குவாட்டமாலா போட்டிக்கு அரசு வழக்கறிஞரின் தனி அனுமதியோடு போய் ஆடினார். ஃபிஃபா முத்திரை இல்லாத, உங்கள் கணக்கில் யாருமே பார்க்காத அதே போட்டிக்குத்தான்.

இனி அந்தச் சின்ன ஆட்டம். 40 மீட்டருக்கு 20 மீட்டர் தளம், பக்கத்துக்கு ஐந்து பேர், அதிகம் எகிறாத பந்து. பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும், அதனால் ஜெயிக்கிற அணி தரையில் உருண்டு புரண்டு நேரத்தைக் கரைக்க வழியில்லை (பெரிய மைதானத்து நட்சத்திரங்கள் சிலருக்கு இந்த விதியைப் பரிந்துரைக்கலாம்). ஒரு பாதியில் ஓர் அணி ஐந்து ஃபவுல் செய்துவிட்டால், ஆறாவதிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத ஃப்ரீ கிக், பத்து மீட்டரிலிருந்தே அடிக்கலாம். ஐந்தைத் தொட்டுவிட்ட அணியின் தற்காப்பைக் கவனியுங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடாத குறைதான். கடைசி சில நிமிடங்களில் பின்தங்கிய அணி கோல்கீப்பரையும் மேலே ஏற்றிவிடும், அல்லது அவர் இடத்தில் நன்றாகப் பந்து தள்ளத் தெரிந்த ஒருவரை இறக்கும். ஐந்து பேரும் எதிரணிப் பக்கத்தில் நின்று பந்தை மாற்றி மாற்றித் தள்ளுவார்கள், பின்னால் கோல் காலியாகக் கிடக்கும். ஒரே ஒரு பாஸ் பிசகினால் எதிரணி தன் பாதியிலிருந்தே பந்தை உருட்டிவிட்டு முடித்துவிடும். இதைப் பார்த்துவிட்டும் கொட்டாவி வந்தால் எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கணக்குக் காட்டவா என்று கேட்டீர்கள். 2024-இல் உஸ்பெகிஸ்தானில் நடந்த ஆண்கள் கோப்பையில் 24 அணிகள். பெண்களுக்கு 16. அந்த எட்டு இடம் எங்கே போயிற்று என்று கேட்டு ஒரு கடிதம் போடுங்கள், முதல் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.