‘ஓடு பழசு, புயல் காரணம் இல்லை’ என்று க்ளைமை மறுத்துவிட்டார்கள்!

கேள்வி: சார், நான் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர். வானூர் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் முன்பக்கம் மாமனார் காலத்து மங்களூர் ஓடு, பின்பக்கம் 2022-ல் வங்கிக் கடன் வாங்கிப் போட்ட தளம். கடன் கொடுக்கும்போதே மொத்த வீட்டுக்கும் இன்ஷூரன்ஸ் போட்டு, பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயலில் கிழக்குச் சரிவில் இருந்த ஓடெல்லாம் பறந்துவிட்டது, ரீப்பர்களும் இரண்டு சட்டங்களும் முறிந்துவிட்டன, டிவி, மெத்தை எல்லாம் நனைந்து வீணாகிவிட்டது. கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, அதனால் ஆறு நாள் கழித்துத்தான் கம்பெனிக்குச் சொல்ல முடிந்தது. அதற்குள் உடைந்ததை ஒதுக்கிவிட்டுத் தார்ப்பாய் போட்டுவிட்டோம். சர்வேயர் வந்து பத்து நிமிடம் நின்றார், கரையான் அரித்த ஒரு சட்டத்தைப் போட்டோ எடுத்தார், போய்விட்டார். ஆசாரி கொடுத்த எஸ்டிமேட் 1,85,000 ரூபாய். கம்பெனி 2025 பிப்ரவரி 20 தேதியிட்டு அனுப்பிய கடிதத்தில், ‘சேதம் பழைய மரத்தின் தேய்மானத்தாலும் பராமரிப்புக் குறைவாலும் ஏற்பட்டது, தகவல் தாமதமாகத் தரப்பட்டது, ஓடுகள் அப்புறப்படுத்தப்பட்டதால் சேதத்தைச் சரிபார்க்க இயலவில்லை’ என்று போட்டு மறுத்துவிட்டார்கள். நான்கு மாதம் ஆகிறது. போராடினால் கிடைக்குமா, விட்டுவிடவா?

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் இந்த ‘தேய்மானம்’ என்ற வார்த்தையைப் பார்த்ததுமே பாதிப் பேர் தங்கள் வீடு பழசுதானே என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்கள்.

முதலில் அந்த மூன்று காரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேதத்தைச் சரிபார்க்கவே முடியவில்லை என்கிறார்கள். சரி, சரிபார்க்க முடியாத சேதத்துக்குக் காரணம் தேய்மானம்தான் என்று எப்படித் தெரிந்தது? இரண்டும் ஒரே கடிதத்தில் நிற்க முடியாது. உங்கள் புகாரின் முதல் பத்தியே இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது, வீடு பழையது என்பது வேறு, பழசானதால் விழுந்தது என்பது வேறு. பாலிசி போடும்போதே முன்பக்கம் பழைய ஓட்டு வீடுதான், அதைச் சேர்த்துத்தான் பிரீமியம் வாங்கினார்கள். உங்கள் கூரையிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. மேற்குச் சரிவு இன்னும் நிற்கிறதா? நீங்கள் கிழக்குச் சரிவை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதே மாமனார் காலத்து மரம், அதே ஓடு, அதே வயது. தேய்மானம் காரணம் என்றால் காற்று அடித்த பக்கம் மட்டும் எப்படிப் போகும்? புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 90 வரை காற்று வீசியதாக வானிலை ஆய்வு மையமே சொல்லியிருக்கிறது. அதன் பிறகும் அது நகராமல் அங்கேயே நின்று கொட்டியது, உங்களுக்குப் பக்கத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை. ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்து வந்து, நிற்கிற சரிவையும் போன சரிவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி, ‘முறிவு காற்றழுத்தத்தால் ஏற்பட்டது’ என்பது அவர் கருத்தானால் அதைக் காரணத்தோடு முத்திரை வைத்து எழுதி வாங்குங்கள். கொஞ்சம் செலவாகும், ஆனால் இந்த வழக்கில் இதைவிடப் பெரிய காகிதம் வேறு இல்லை. முறிந்த சட்டங்களை அடுப்புக்குப் போட்டுவிடவில்லையே? இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். பச்சையாக முறிந்த இடமும் கரையான் அரித்த இடமும் பார்த்தாலே வேறு வேறாகத் தெரியும்.

மற்ற ஆதாரங்கள் எளிது. கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேளுங்கள், புயலுக்குப் பின் வருவாய்த் துறை எடுத்த சேதக் கணக்கில் உங்கள் வீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் ஓடு பறந்த வீடுகளின் படங்களும் உதவும். உங்கள் பிள்ளைகள் அன்று போனில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் வந்த பிரதியாக இல்லாமல், எடுத்த போனிலிருந்து அசலாகவே காப்பி எடுத்து வையுங்கள். எடுத்த தேதியும் நேரமும் அசலில்தான் இருக்கும்.

தாமதம் என்ற காரணத்துக்குப் பயப்பட வேண்டாம். 2017-ல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில், உண்மையான க்ளைமை தாமதத்தை மட்டும் காட்டி இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மின்சாரமும் போனும் இல்லாத ஆறு நாள் அதற்குப் போதுமான விளக்கம். தார்ப்பாய் போட்டதையும் குற்றமாகச் சொல்ல முடியாது. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. போடாமல் விட்டிருந்தால் அதையே காரணமாகச் சொல்லி மறுத்திருப்பார்கள்!

சர்வேயர் எழுதியதே முடிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல என்று 2009-ல் ஒரு லாரி க்ளைம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையின் நகலை இன்றே எழுதிக் கேளுங்கள். கூடவே, தேய்மானத்துக்குப் பணம் கிடையாது என்று பாலிசியில் எந்தப் பிரிவு, எந்த வரி சொல்கிறது என்றும் கேளுங்கள். விலக்கைக் காட்டி மறுப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பின்னால் வழக்கில் கொண்டுவரவும் முடியாது, 2019-ல் இதுவும் தீர்ப்பாகிவிட்டது. ஆக, நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த மூன்று வரிக்கு மட்டும்தான்.

பாலிசிப் பத்திரம் கையில் இருக்கிறதா? வங்கி மூலம் எடுத்தவர்கள் பலரிடம் கடன் கணக்கில் பிடித்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை. வங்கியில் முழுப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். 2021 ஏப்ரலில் இருந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுவான பாலிசி எல்லாக் கம்பெனிகளிலும் இருக்கிறது, உங்களுடையதும் அதுவாக இருக்கலாம். அதில் புயலும் வெள்ளமும் நேரடியாகவே பட்டியலில் உண்டு. பொருட்களையும் சேர்த்து எடுத்திருந்தால் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், அவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. டிவியையும் மெத்தையையும் அப்போது சேர்த்தே கேளுங்கள்.

இனி போக வேண்டிய வழி. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், மெயிலிலும் பதிவுத் தபாலிலும். ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதிவு செய்யலாம், 155255 எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால், கம்பெனிக்கு வெளியே இருந்து இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். நம் மாநிலத்துக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது, ஆன்லைனிலும் மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார். நீங்களே பேசலாம், எந்த அச்சமும் வேண்டாம், அங்கே கேட்பது நடந்ததை நடந்தபடி சொல்வதைத்தான். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களை அது கட்டுப்படுத்தாது, பாதகமாக வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

நாள் கணக்கு மட்டும் முக்கியம். ஆம்புட்ஸ்மேனுக்கு ஒரு வருடம், நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம். ஆம்புட்ஸ்மேனுக்கான வருடம் உங்கள் புகாருக்குக் கம்பெனி தரும் பதிலிலிருந்துதான் தொடங்கும், ஆனாலும் எதற்கும் மறுப்புக் கடிதத் தேதியிலிருந்தே கணக்கிட்டு 2026 பிப்ரவரி 20-க்குள் மனு போய்ச் சேர்வதுதான் பாதுகாப்பு. வரிசையை மாற்றாதீர்கள், நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் உங்கள் மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார். அப்புறம் ஒன்று, கடன் பாக்கி இருப்பதால் பணம் வந்தால் வங்கியின் பெயருக்கு வரலாம். அதனால் வங்கிக்கும் இப்போதே ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: கடலூரில் மாடியில் போட்ட தகர ஷீட் கூரை அதே புயலில் போனது. கேட்டது 90,000, கம்பெனி 31,000 தருகிறது. ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று அச்சடித்த ரசீதில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: யோசிக்காமல் போடாதீர்கள் தம்பி. பணம் அவசரம் என்றால், ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், மீதித் தொகைக்கான உரிமையை விடவில்லை’ என்று கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதுங்கள், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அன்றே அதே வாசகத்தை மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். இப்படிப்பட்ட ரசீது, கூடுதல் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று ஐஆர்டிஏஐ 2015-லேயே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே எதுவும் எழுதாமல் போட்டுவிட்டீர்கள் என்றால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும், பணம் வந்த ஓரிரு நாளில் அனுப்பிய ஆட்சேபக் கடிதம் அதற்குப் பெரிய துணை. எந்த இனத்தில் எவ்வளவு வெட்டினார்கள் என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு மறுபடி எழுதுங்கள், ஷீட், ஆங்கிள், கூலி என்று தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.