தொட்டி நிரம்பும் வரையிலான பதினைந்து நிமிடம்

கேள்வி: எனக்கு 44 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 14 மாதங்களுக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. விடியற்காலை நாலரைக்கு எழுகிறேன். படுக்கப் பதினொன்றரை ஆகிறது. இடையில் இரண்டு முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். கணவர் கேட்டால் செய்வார். மகன் பிளஸ் டூ படிக்கிறான். மாலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பும் வரை மொட்டை மாடியில் நிற்கும் பதினைந்து நிமிடம்தான் எனக்கென்று இருந்தது. போன மாதம், தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாகவே நின்றுவிடும் கருவியை மகன் வாங்கிப் பொருத்தினான். எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். எனக்கோ அழுகை வந்தது. எப்போதும் அசதியாக இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்னும் அரைமணி முன்னதாக எழுந்து தியானம் செய்யச் சொல்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியை. எனக்கென்று நேரம் தேடுவது சுயநலமா?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவிட்டது அந்த மோட்டார்தான். பதினைந்து நிமிடம் தனியாக நிற்பதற்குக்கூட உங்களுக்கு ஒரு வேலையின் சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. அந்தச் சாக்கை மகன் அறியாமல் பறித்துவிட்டதும், கேட்டுப் பெறாத அந்த நேரத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லாமல் போய்விட்டது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். மாதக்கணக்கில் நீளும் அசதியையும் மூச்சு வாங்குவதையும் வேலைப்பளுவின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாற்பதுகளில் மாதவிலக்கின் போக்கு அதிகமாகிவிட்டால் அது இன்னும் எளிதாக வரும். ஆகவே இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு, மூச்சு வாங்குவதால் இசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் குறை இருக்கும்போது எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தாலும் தெம்பு வராது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும் வழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கிறது. மாலைக்குப் பிறகு அதைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள காஃபீன் களைப்பை மறைக்குமே தவிரத் தீர்க்காது, ஆறு மணிக்குக் குடித்ததில் ஏறத்தாழப் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும்.

உங்கள் தோழி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஐந்து மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக உறங்குகிறவர் தியானத்துக்காக இன்னும் அரைமணியை உறக்கத்திலிருந்து எடுப்பது, கடனை அடைக்கக் கடன் வாங்குவதைப் போன்றது. உங்களுக்கு முதலில் வேண்டியது விட்டுவிட்டு வராத தூக்கம். பத்து மணிக்கு நீங்கள் படுத்துவிடுங்கள்; பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது மகனான உங்கள் கணவரின் பொறுப்பாகட்டும்; மூன்று மணி முறை உங்களுடையது. இதனால் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்க முடியும். படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கை பயன்படுத்தினால், திருப்பும் இடைவெளியைச் சற்று நீட்டிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நீட்டிக்க வேண்டாம்.

"கேட்டால் செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால்தான் செய்வார் என்றால், எதை, எப்போது கேட்பது என்று நினைவில் வைத்திருக்கும் வேலை உங்களுடையதாகவே இருக்கிறது என்று பொருள். உங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், செய்யும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அதனால், உதவி கேட்பதை விட்டுவிட்டு, இன்ன மணியின் வேலை இன்னாருடையது என்று பிரித்து, சமையலறை நாட்காட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் சில நாட்கள் அவர் மறப்பார். நீங்கள் எழுந்து ஓடிவிடாமல், அவரை எழுப்பிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளுங்கள்.

இனி சுயநலம் பற்றி. "நீங்கள் நன்றாக இருந்தால்தானே குடும்பத்தைக் கவனிக்க முடியும்" என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனாலும் நான் அதைச் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால் உங்கள் ஓய்வுகூடப் பிறருக்குச் செய்யும் ஊழியத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது. யாருக்கும் பயன்படாமல் மாடியில் நின்று வானத்தைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நம் வீடுகளில் இதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. என் தாயார் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். நல்லெண்ணெயைச் சீரகம் போட்டுக் காய்ச்சி, உச்சியில் வைத்து, ஊறும் வரை கொல்லைப்புறத் துணி துவைக்கும் கல்லில் அமர்ந்திருப்பார். சீயக்காய் வாசனையோடு அவர் உள்ளே வரும் வரை எங்களில் ஒருவரும் எதற்கும் அவரைக் கூப்பிட மாட்டோம். அன்று சமையலும் மிளகு குழம்பும் பருப்புத் துவையலுமாகச் சுருங்கிவிடும். நேரம் கிடைத்தால் குளிக்கலாம் என்று அவர் இருந்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமையும் குளித்திருக்க மாட்டார். கிழமை முன்பே குறிக்கப்பட்டிருந்தது, அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதற்கு ஏற்ப வேலை குறைக்கப்பட்டது. எண்ணெய்க்கு ஆயிரம் பலன் சொல்வார்கள்; அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்த நேரத்தின் பலனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நீங்களும் அப்படியே குறியுங்கள். நாள்தோறும் மாலையில் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் வீட்டுக்கு வெளியே கழிவது நல்லது. உள்ளே இருந்தால் மாமியார் இருமும் சத்தத்துக்கே எழுந்துவிடுவீர்கள். நாத்தனாரோ வேறு உறவினரோ பார்க்க வருவதாக இருந்தால் சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள். அவர்கள் வந்ததும் காபி போட உள்ளே போகாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். வேகநடை போன்ற மிதமான உடற்பயிற்சியை வாரம் 150 நிமிடமாவது செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது என்பதையெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு, மருத்துவர் சொற்படி யோசிக்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இயன்முறை மருத்துவமும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியாரின் பெயரைப் பதிந்துவிட்டீர்களா என்று பாருங்கள். அழுகை அடிக்கடி வந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் வாரங்கள் கழிந்தாலோ, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மகன் பொருத்திய கருவி அப்படியே இருக்கட்டும். அன்று ஏன் அழுதீர்கள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிடுங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அது புரியும். நாளை மாலையிலிருந்து அந்தப் பதினைந்து நிமிடம் புத்தகத்தோடு பாட்டியின் கட்டிலருகே அவன் உட்காரட்டும், நீங்கள் மாடிக்குப் போங்கள்.